இனாமாகக் கிடைத்த கன்று

போடிநாயக்கனூருக்கு மேலே, மலை முகட்டில், டாப் ஸ்டேஷன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரயில் இல்லாத ஊருக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்று சுற்றுலா வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு காலத்தில் அங்கே ரயில் இருந்தது. மூணாறு எஸ்டேட்டுகளின் தேயிலை, 1908லிருந்து ஒரு குறும்பாதை ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி. பிறகு சமவெளி ரயில், துறைமுகம், கப்பல், இங்கிலாந்து. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928ல், போடிக்கே ரயில் வந்தது.

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் இந்தத் தேயிலைப் பெட்டியின் கதையைத்தான் சொல்கிறேன். ஒரு சரக்கு பல கைகள் மாறிப் போகிறது. ரயில்காரருக்கு ரோப்வே ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, ரோப்வேக்காரருக்கு மாடு பூட்டத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் இறக்கி வைப்பதை அடுத்தவர் ஏற்றிக்கொள்ள முடிந்தாக வேண்டும். எந்தக் கட்டம் முடிந்தால் எது தொடங்கலாம், எதை எதனோடு சேர்த்து அனுப்புவது, நடுவில் ஒன்று அறுந்தால் எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்பதை எழுதி வைக்கத்தான் கணினியில் பணியோட்ட மொழிகள் இருக்கின்றன. மரபணு ஆய்வில் இவை இல்லாமல் இன்று எதுவும் நகராது. ஒரு இலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வின் வரிசையைப் படித்து முடிவு சொல்வதற்குள் தரவு பத்து இருபது நிரல்களைக் கடந்து போகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள், வேறு வேறு நாட்டில், வேறு வேறு காலத்தில் எழுதியது.

இந்த மொழிகளின் வரலாறு நீளமானது அல்ல. ஜெர்மனியின் யோகானஸ் கோஸ்டர் ஸ்னேக்மேக்கை 2012ல் வெளியிட்டார். பார்சிலோனாவின் மரபணு ஒழுங்காற்று மையத்தில் பாவ்லோ தி தொமாசோ நெக்ஸ்ட்ஃப்ளோவை 2013ல் வெளியிட்டார். 2014ல் பலர் சேர்ந்து பொதுப் பணியோட்ட மொழி என்ற பெயரில் ஒரு தரத்தை எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் பிராட் நிறுவனத்திலிருந்து டபிள்யூ.டி.எல். வந்தது. இவற்றைச் சுற்றிப் பிறர் எழுதிச் சேர்த்த நூலகங்கள் எத்தனையோ. ‘என்எஃப்-கோர்’ என்ற கூட்டு முயற்சியில் மட்டும் பல நாட்டவர்கள் எழுதிச் சரிபார்த்த பணியோட்டங்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. கோவிட் வந்த 2020ல், வைரஸ் மாதிரிகளை ஆராய்வதற்கான பணியோட்டம் ஒன்று அங்கே உடனே கிடைத்தது.

எல்லாம் இனாம். எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். போடியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நான் சம்பாதிப்பதில் பெரும்பகுதி, முகம் தெரியாத மனிதர்கள் எனக்குக் கொடுத்தவற்றின் மேல் நிற்கிறது. அவர்களுக்கு நான் ஏதாவது கடன்பட்டிருக்கிறேனா? பட்டிருந்தால், என்ன கடன்? எப்படி அடைப்பது?

*

இந்தக் கேள்விக்கு மலையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. ஏலத்தோட்டம் வைத்திருக்கிற யாரிடமும் ஞள்ளானி என்று சொல்லிப்பாருங்கள். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் வழக்கத்துக்கு மீறிக் காய்த்த செடிகளைக் கவனித்து, தேர்ந்து, பெருக்கிய ரகம் அது. ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததல்ல. ஏலத்தை விதையிலிருந்து வளர்த்தால் பிள்ளை தாயைப் போல வராது, தேனீ எங்கெங்கோ போய் மகரந்தம் கொண்டுவந்திருக்கும். தாயின் குணம் அப்படியே வேண்டுமென்றால் தூரிலிருந்து பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும். அப்படித்தான் ஞள்ளானி பரவியது. ஒரு தோட்டத்திலிருந்து சொந்தக்காரர் தோட்டத்துக்கு, அங்கிருந்து பக்கத்து எஸ்டேட்டுக்கு, ஜீப்பில், சாக்கில், தலைச்சுமையில். இன்று ஏலமலையின் பெரும்பகுதியில் நிற்பது அதுதான். போடியில் ஏலம் போகிற ஏலக்காயில் (இந்த ஊரில் இரண்டு ஏலத்தையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் ஆக வேண்டும்) அந்த ஒரு தேர்வின் வாரிசுகள் எத்தனை மூட்டை என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் செடிகளுக்கு இடமில்லை. தாவர ரகங்களுக்கும் உழவர் உரிமைகளுக்குமான தனிச் சட்டம் 2001ல்தான் வந்தது. அதற்குள் கன்று மலை முழுக்கப் பரவியிருந்தது. அந்தச் சட்டமும்கூட விதையைச் சேமிக்க, பரிமாற, விற்க உழவனுக்கு இருக்கும் உரிமையைக் காப்பாற்றியே எழுதப்பட்டது, வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டும்தான் தடுத்தது. செபாஸ்டியன் ஜோசப்புக்குத் தேசியப் புத்தாக்க நிறுவனம் விருது கொடுத்துச் சிறப்பித்தது. கன்று வாங்கி நட்டவர்கள் சட்டப்படி அவருக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை.

கன்றுக்கும் நிரலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எடுத்தால் குறையாதது இரண்டும். தூரில் ஒரு கன்றைப் பிரித்தால் இன்னொன்று முளைக்கும். நிரலை நகலெடுத்தால் அந்தக் குறைவுகூட இல்லை. அரிசியையும் பணத்தையும் வைத்துப் பழகிய நம்முடைய கடன் கணக்கு இங்கே தடுமாறுகிறது. கடன் என்றால் உன்னிடம் குறைந்தது, என்னிடம் கூடியது. இங்கே உன்னிடம் குறையவே இல்லை என்றால் நான் எதைத் திருப்பித் தருவது?

வேற்றுமையும் உண்டு, அதுதான் முக்கியம். கன்றை என் தோட்டத்தில் நட்ட நாளிலிருந்து அது என் செடி. தண்ணீர் விடுவதும் கவாத்து செய்வதும் என் பாடு. கொடுத்தவர் கட்டப்பனையில் தூங்கலாம். நிரல் நூலகம் அப்படியல்ல. நான் அதை என் பணியோட்டத்தின் முதல் வரிகளில் பெயர் சொல்லி அழைக்கிறேன். அது அங்கேயே, அவர் கையிலேயே இருக்கிறது. கீழே இருக்கும் மொழி மாறும்போது அவர்தான் அதை மாற்ற வேண்டும். பாதுகாப்பு ஓட்டை வந்தால் அவர்தான் அடைக்க வேண்டும். ஆயிரம் தோட்டத்துக்காரர்கள் ஒரே தூருக்கு ஒரே ஆளைத் தண்ணீர் விடச் சொல்லி நிற்பதுபோல.

*

உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். நெக்ஸ்ட்ஃப்ளோ முதலில் ஜி.பி.எல். உரிமத்தில் இருந்தது. மாற்றி வெளியே கொடுக்கிறவன் தன் மாற்றத்தையும் அதே நிபந்தனையில் திறந்து கொடுத்தாக வேண்டும் என்பது அந்த உரிமத்தின் சாரம். திருப்பித் தருவதை அது சட்டமாக்கியது. 2018ல் நெக்ஸ்ட்ஃப்ளோ அப்பாச்சி உரிமத்துக்கு மாறியது. அதில் அப்படியொரு கட்டாயம் இல்லை. எழுதியவரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் அழிக்காதே, மாற்றிய கோப்பில் மாற்றியதாகக் குறி, என்னைக் குற்றம் சொல்லாதே, மற்றபடி உன் இஷ்டம். ஸ்னேக்மேக்கின் எம்.ஐ.டி. உரிமமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. நிறுவனங்கள் தயங்காமல் பயன்படுத்த இது உதவியது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டத்திலிருந்து ஒரு கடமையை எடுத்தால் அது எங்கே போகிறது? காணாமல் போகிறதா, மனசாட்சிக்கு இடம் மாறுகிறதா?

காணாமல் போகிறது என்பதுதான் பெரும்பாலானோர் கட்சி. “அவனே ஃப்ரீன்னு சொல்லிட்டான், அப்புறம் உனக்கென்ன?” இந்த வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. கொடுத்தவர் முழு மனத்தோடு, யோசித்து, எழுத்தில் கொடுத்திருக்கிறார். எதையும் எதிர்பார்க்கவில்லை என்கிறார். அவர் எதிர்பார்க்காததை நான் கடன் என்று சொன்னால் அவருடைய கொடையையே சிறுமைப்படுத்துவது ஆகாதா?

வள்ளுவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒப்புரவறிதல் அதிகாரம் மழையை முன்னிறுத்தித் தொடங்குகிறது. பெய்கிற மேகத்துக்கு உலகம் பதிலுக்குச் செய்ய எதுவும் இல்லை, உதவுகிறவன் அப்படித்தான் பதிலை எதிர்பார்க்காமல் உதவ வேண்டும் என்பது கருத்து. இதை மட்டும் படித்தால் அப்பாச்சி உரிமம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதே நூலில் செய்ந்நன்றியறிதல் என்று வேறொரு அதிகாரமும் இருக்கிறது. அது பெற்றவனைப் பார்த்துப் பேசுகிறது. அங்கே மறதிக்கு மன்னிப்பு இல்லை. ஒருவரே எழுதிய இரண்டு அதிகாரம். இரண்டுக்கும் முரண் இல்லை, ஏனென்றால் இரண்டும் இரண்டு பேருடைய கணக்குப் புத்தகங்கள். கொடுத்தவன் புத்தகத்தில் வரவு எழுதக் கூடாது. பெற்றவன் புத்தகத்தில் பற்று எழுதியே ஆக வேண்டும்.

உரிமம் என்பது கொடுத்தவன் புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்த ஒரு தாள். அதில் கடன் பூஜ்ஜியம் என்று இருப்பது இயல்பு. நாம் செய்கிற தவறு, அந்தத் தாளையே நம் புத்தகத்திலும் ஒட்டிக்கொள்வது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேகம் களைத்துப்போவதில்லை, மனிதர்கள் களைத்துப்போகிறார்கள். எக்ஸ்.இசட் என்ற கோப்புச் சுருக்கும் நூலகத்தை லாசே காலின் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல், ஏறக்குறையத் தனியாகப் பராமரித்து வந்தார். உலகின் லினக்ஸ் கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. “ஏன் இவ்வளவு தாமதம், வேறு யாரிடமாவது கொடுத்துவிடு” என்று முகமறியாதவர்கள் அவரை நெருக்கினார்கள். அந்த நேரத்தில் உதவிக்கு வந்தவர்போல் வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 2024ல் அதற்குள் ஒரு கள்ளக் கதவைப் பொருத்தினார். ஆந்த்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் அது அந்த மார்ச் மாத இறுதியில் வெளியே வந்தது. தனி மனிதர் ஒருவரின் களைப்புதான் அந்தக் கதவைப் பொருத்த இடம் கொடுத்தது. அந்தக் களைப்பில், எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்த எல்லோருக்கும் பங்கு உண்டு.

*

பெற்றவன் புத்தகத்தில் பற்று இருக்கிறது, சரி. எவ்வளவு, யாருக்கு? இங்கே எனக்கு உதவியது ஓர் எழுத்துப் பிரச்சினை.

நான் எழுதிய பணியோட்டம் ஒன்றில் ஏல இலை மாதிரிகள் உள்ளே போயின. மாதிரிகளின் பெயர்கள் தமிழில், எடுத்த ஊரை வைத்து. பணியோட்டம் பச்சை விளக்கோடு முடிந்தது, பிழை என்று ஒரு வரி இல்லை. கடைசி அட்டவணையை எண்ணிப் பார்த்தபோது சில ஊர்கள் இல்லை. குரங்கணி இருந்தது, கொட்டகுடி இல்லை. பூப்பாறை இருந்தது, போடிமெட்டு இல்லை. சாந்தன்பாறை இருந்தது, போடி இல்லை.

தமிழ் தட்டச்சு பழகியவர்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். காணாமல் போனவை எல்லாம் ஒகர ஓகாரக் குறி வருகிற ஊர்கள். யூனிகோடில் ‘போ’வை இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ‘போடி’ என்ற சொல் ஒரு முறையில் 4 குறி, மறு முறையில் 5 குறி. அட்டவணையைத் தட்டச்சு செய்த கணினி முதல் முறையில் எழுதியிருந்தது. கோப்புகள் வந்த பழைய மேக் கணினி, தன் வழக்கப்படி, இரண்டாவது முறையில் பிரித்து வைத்திருந்தது. நடுவில் நான் பயன்படுத்திய சிறு நூலகம் ஒன்று, இரண்டு பக்கமும் பெயர் பொருந்தினால் சேர்த்துவிடும், பொருந்தாததைச் சத்தமில்லாமல் கீழே விட்டுவிடும். ரோப்வேயில் வந்த பெட்டியில் ‘போடி’ என்று எழுதியிருக்கிறது, வண்டிக்காரர் கையில் இருக்கும் சீட்டிலும் ‘போடி’ என்றுதான் இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு என்று பெட்டி அப்படியே நின்றுவிடுகிறது.

ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பெயரையும் ஒரே முறைக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்ததும் எல்லா ஊரும் வந்து சேர்ந்தன. அரை மணி நேர வேலை. அடுத்து என்ன என்பதில்தான் வாக்குவாதம். என்னோடு வேலை பார்க்கும் நண்பன் பெரியகுளத்துக்காரன். “மாப்ள, டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டேல்ல? அதோட விடு. அவங்ககிட்ட போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? இங்கிலீஷ்ல பேர் வைங்கடான்னுதான் சொல்லுவாங்க” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, உண்மையான காரணத்தையும் சொன்னான். “நம்ம கம்பெனி நேரத்துல கண்டுபிடிச்சது. கான்ட்ராக்ட்ல என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?”

அவன் சொன்ன முதல் காரணத்தில் பாதி உண்மை. இந்த வழு அந்த நூலகத்தை எழுதியவர் கண்ணில் படவே வாய்ப்புக் குறைவு. ஐரோப்பிய மொழிகளிலும் மேற்குறி போட்ட எழுத்துகளுக்கு இதே சிக்கல் உண்டு, ஆனால் அவர்கள் மாதிரிகளுக்குப் பெரும்பாலும் வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் வைப்பார்கள். தமிழில் பெயர் வைத்தவனுக்குத்தான் இது தெரியும். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எவ்வளவு உழைத்தாலும், தெரிய வழியில்லாத ஒன்று. எனக்கோ சும்மா தெரிந்துவிட்டது.

கடன் என்னவென்று அப்போதுதான் எனக்குத் துலங்கியது. நிரலை நான் எடுத்ததால் அவரிடம் எதுவும் குறையவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்தியதால் மட்டுமே எனக்குக் கிடைத்த ஓர் அறிவு இருக்கிறது. அது அவருடைய நிரலைப் பற்றிய அறிவு, அவரிடம் இல்லாதது. அதை நான் வைத்துக்கொண்டால் முதல்முறையாக அங்கே ஒரு குறைவு உண்டாகிறது. எடுத்தது திருட்டு அல்ல, மறைப்பது ஏறக்குறையத் திருட்டு.

இந்தக் கடன் எழுதியவருக்கு மட்டும் உரியதும் அல்ல. என் தாய்மாமாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே சின்னத் தோட்டம் இருக்கிறது. ஏலத்தில் கட்டே என்று ஒரு தேமல் நோய் வரும். இலையில் வெளிர்ப் பச்சைக் கோடுகள் நரம்போடு ஓடும், தூர் வருடா வருடம் நலிந்து காய்ப்பு நின்றுபோகும். வைரஸ் நோய், மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி ஒரு தூரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். நோய் வந்த தூரிலிருந்து எடுத்த கன்றும் கொண்டுபோகும். நோயுள்ள தூரைப் பிடுங்கி அழிப்பதுதான் வழி. “நான் மட்டும் பிடுங்கி என்ன பிரயோசனம் மாப்ள? பக்கத்துத் தோட்டத்துக்காரன் பாத்துட்டும் பேசாம இருந்தான்னா, அடுத்த வருசம் திரும்ப இங்கதான் வரும். பூச்சிக்கு வேலி தெரியுமா?” என்பார் மாமா.

இனாமாகக் கன்று வாங்கியவன், அந்தக் கன்றில் நோய் கண்டால், கொடுத்தவரிடமும் வாங்கிய மற்றவர்களிடமும் சொல்ல வேண்டாமா? நன்றிக்காக இல்லை. அதே கன்று இன்னும் எத்தனை தோட்டங்களில் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும் என்பதற்காக. தமிழில் நடந்தது மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் நடக்கும், அங்கேயும் ஒகர ஓகாரக் குறிகள் இப்படித்தான் பிரியும். வங்காளத்திலும் அப்படியே. எங்கோ ஒருவர், எண்ணிப் பார்க்காமல், பச்சை விளக்கை நம்பி, அட்டவணையை அறிக்கையில் ஒட்டியிருக்கலாம். அது கட்டே நோய் பரவலைப் பற்றிய ஆய்வாக இருந்தால் கொட்டகுடியில் நோய் இல்லை என்று ஆகிவிடும். அங்கே நோய் இல்லாததால் அல்ல, அந்த ஊரே கணக்கில் இல்லாததால்.

*

“எல்லோரும் திறமூலத்துக்குப் பங்களியுங்கள்” என்று கைதட்டி முடிப்பது சுலபம். அந்த உபதேசத்தோடு எனக்கு இரண்டு பிணக்குகள் உண்டு.

முதலாவது, பங்களிப்பு எல்லாமே கொடை அல்ல. நாடியா எக்பால் 2020ல் எழுதிய ‘வொர்க்கிங் இன் பப்ளிக்’ என்ற புத்தகம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நிரல் தீர்ந்துபோகாது, பராமரிப்பவரின் கவனம் தீர்ந்துபோகும். வேலை தேடுகிற ஒரு மாணவன் தன் சுயவிவரத்தில் சேர்ப்பதற்காக ஆவணத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றித் திருத்தம் அனுப்பினால், அதைப் படித்து, சரிபார்த்து, பதில் எழுதுகிறவர் தன் மாலை நேரத்தைத் தருகிறார். அங்கே பெறுகிறவன் மாணவன்தான். நல்ல பங்களிப்புக்கு என்னிடம் ஓர் எளிய சோதனை இருக்கிறது: வாங்குகிறவரின் வேலை அதனால் குறைந்ததா, கூடியதா? “உங்கள் நிரல் வேலை செய்யவில்லை” என்பது வேலையைக் கூட்டும். இரண்டே வரி உள்ள ஒரு கோப்பு, அதை ஓட்டினால் வருவது இது, வர வேண்டியது இது என்று கொடுத்தால் அவருடைய ஒரு நாள் மிஞ்சும்.

இரண்டாவது பிணக்கு நேரத்தைப் பற்றியது. விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு மலையேறுவதைப் பார்த்திருப்பீர்கள். காய் எடுக்கிற பெண்ணிடம் போய், “இத்தனை வருசமா இந்த மலை உனக்குச் சோறு போட்டிருக்கு, ஞாயித்துக்கிழமை இனாமா வந்து வேலை செய்” என்று சொன்னால் எவ்வளவு அநியாயம். திறமூல உலகம் சிலசமயம் அப்படித்தான் பேசுகிறது. மாலையும் வார இறுதியும் தனக்கென்று உள்ளவன், நல்ல மடிக்கணினியும் பயமில்லாத வேலையும் உள்ளவன், தன்னால் முடிவதை எல்லாருக்கும் அறமாக்குகிறான். தமிழுக்கு ஓப்பன்-தமிழ் நூலகத்தை எழுதியவர்களும், கணியம் நடத்துகிறவர்களும் சொந்த நேரத்தைத்தான் கொடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த மரியாதை ஒன்று, கடமை வேறொன்று. அவர்கள் செய்தது கொடை. கொடையைக் கடமையாக்கினால் ஏழைக்குத்தான் பாரம் கூடும்.

அதனால்தான் நான் சொல்கிற கடன் சின்னது. சொந்த ஞாயிற்றுக்கிழமையை அது கேட்பதில்லை. சம்பளம் வாங்கிச் செய்த வேலையில், நூலகத்தைப் பற்றி உனக்குத் தெரியவந்த குறையை மறைக்காதே என்று மட்டும் கேட்கிறது.

அந்தச் சின்னக் கடனைக்கூட அடைக்க முடியாதபடி கட்டிப்போடுவதுதான் நண்பன் சொன்ன ஒப்பந்த வரி. வேலை நேரத்தில் செய்வதும் கண்டுபிடிப்பதும் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம், முன் அனுமதியில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. நான் அனுமதி கேட்டு எழுதினேன். 5 வாரம் கழித்து, சேர்த்த அந்த ஒரு வரியைத் தரக் கூடாது, குறையை மட்டும் விவரிக்கலாம் என்று பதில் வந்தது. விவரித்தேன். நூலகத்தை எழுதியவர் அந்த வரியைத் தானே எழுதிக்கொண்டார், அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. 5 வாரம் யாருக்காகப் போனது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. போடி என்ற பெயருக்கு எத்தனை குறி என்பது எந்த நிறுவனத்தின் சொத்தும் அல்ல.

ஆகவே பெரிய கடன்காரர்கள் யார் என்று கேட்டால் தனி நிரலாளர்களை நான் கடைசியில்தான் வைப்பேன். இனாம் நூலகங்களின் மேல் வருமானம் ஈட்டும் நிறுவனங்கள் முதலில் வர வேண்டும். சிலர் பணமாகத் திருப்பித் தரத் தொடங்கியிருக்கிறார்கள். பெங்களூரின் ஜெரோதா 2024ல், திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக ஒரு நிதியைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் பணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு, அதற்குச் செலவே இல்லை: உங்களிடம் வேலை பார்க்கிறவர்கள், உங்கள் தொழில் ரகசியம் எதுவும் கலக்காமல், பொது நூலகத்தில் கண்ட குறையைப் பொதுவில் சொல்ல விடுங்கள். அதை வேலை நேரத்திலேயே, வேலையாகவே செய்ய விடுங்கள். கன்றை இனாமாக வாங்கி நட்டுவிட்டு, அதில் நோய் கண்டால் வெளியே மூச்சு விடாதே என்று காவல்காரனிடம் சொல்லும் தோட்டத்துக்காரரை மலையில் யாரும் மதிக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் அதையே எழுதினால் மட்டும் ஏன் நாகரிகமாகத் தெரிகிறது?

நோய் கண்டவன் சொன்னான் என்பதற்காக யாரும் அவனுக்கு விருது கொடுப்பதில்லை. சொல்லாமல் விட்டால் தண்டிப்பதற்குச் சட்டமும் இல்லை. அவன் பேசாமல் இருந்தது யாருக்கும் தெரியப்போவதுகூட இல்லை, விடுபட்ட ஊர்களைத் தேடி யாரும் வருவதில்லை. வருகிற பச்சை விளக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும். யாரும் பார்க்காத அந்த இடத்தில் என்ன செய்கிறோம் என்பதை வைத்துத்தான் பெற்றவன் புத்தகம் எழுதப்படுகிறது, அதை எழுதுகிறவனும் அவன் ஒருவன்தான்.